சண்முகக்கனி கழற்றிய கைகள்

இதெல்லாம் நடந்ததா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தக் கைகளில் ஒரு ஜோடி ஐந்து வாரம் என் வீட்டில் இருந்தது, என் டிபன் பாக்ஸைத் தினமும் கழுவியது, மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக்கூட எடுத்து அலசி மறுபடி மாட்டியது, அதை நான் இருபது வருஷத்தில் ஒரு நாளும் செய்ததில்லை. நத்தக்குளம் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர் நான்; பொய் சொல்கிற பிள்ளைகளை பெஞ்சின் மேல் ஏற்றுகிறவள் பொய் சொன்னால் யாருக்கு அசிங்கம்?

எங்கள் ஊரில் மார்கழி பிறந்தால் முதலில் உதடு வெடிக்கும், அப்புறம் குதிகால், கடைசியாகக் கை. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பங்குனி வெயில் ஏறினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். சண்முகக்கனிக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் மார்கழி. ஜெபராஜ் அண்ணாச்சியின் பரோட்டாக் கடையில் பதினொரு வருஷமாகப் பாத்திரம் கழுவுகிறவள் அவள். சால்னா காய்ந்த தட்டும், முட்டை ஒட்டிய கரண்டியும், அடிப்பிடித்த அண்டாவும், காரமான சோப்புத் தூளும் சேர்ந்து அவள் உள்ளங்கையைத் தேங்காய்த் துருவி மாதிரி ஆக்கிவைத்திருந்தன. அதே கடையில் கல்லுக்கு முன்னால் நிற்கிற பரோட்டா மாஸ்டர் தவசிலிங்கம்தான் அவள் புருஷன். நாள் முழுக்க எண்ணெயில் ஊறுகிற அவன் கையைப் போல மிருதுவான கை சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது என்று பெண்களே பொறாமையோடு ஒப்புக்கொள்வார்கள்.

இவர்களுக்கு ஒரே மகள் தர்ஷிகா, என் வகுப்பு. எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் ரெட்டைச் சடை போட்டு, மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டித்தான் வர வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு, போட்டவள் நான்தான். கனி சீப்பை எடுத்தாலே பிள்ளை தெருவைக் கூட்டிவிடுவாள், ஏனென்றால் முடி ஒவ்வொன்றாக அம்மாவின் விரல் வெடிப்பில் மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குவது போல் இழுக்கும். ஆகவே சடை அப்பாவின் பொறுப்பாகிப் போனது. மாவை வீசி வீசிப் பழகிய தவசி மகளின் முடியையும் நாலு வீச்சு வீசி, இழுத்து, சுருட்டி, இரண்டு நிமிஷத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல முடித்துவிடுவான். வகுப்பில் அந்தச் சடையை மற்ற பிள்ளைகளுக்கு நான் எடுத்துக்காட்டாகவே காட்டியிருக்கிறேன். என்ன, அதில் டால்டா வாசம் அடிக்கும், தெருநாய்கள் மூன்று பள்ளிக்கூட வாசல் வரை வந்து அவளை வழியனுப்பிவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

"ஒரே ஒரு நாளு எம்புள்ளைக்கு நான் சடை போடணும் டீச்சர்," என்று கனி என்னிடம் சொல்லியிருக்கிறாள். "அவ கத்தாம உக்காந்திருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அந்த மார்கழி ஏழாம் தேதி, காலை பத்து மணிக்கு, கடைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து தட்டு தேய்த்துக்கொண்டிருந்தபோது, மணிக்கட்டில் உரிந்து தொங்கிய ஒரு தோலைப் பிடித்து கனி இழுத்தாள். அது நன்றாக வெந்த பனங்கிழங்கின் தோலைப் போல நிற்காமல் வந்துகொண்டே இருந்தது, உள்ளங்கை வந்தது, ஐந்து விரலும் வந்தது, நகத்தின் வடிவமும் வளையல் தழும்பும் கத்தி கிழித்த பழைய கோடும் வந்தன, பிறகு அடுத்த கையும் அப்படியே வந்தது, இரண்டும் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து ஒரு கணம் மிதந்து, அங்குமிங்கும் துழாவி, தேங்காய் நாரைக் கண்டுபிடித்து, அவள் விட்ட இடத்திலிருந்து தட்டைத் தேய்க்க ஆரம்பித்தன. கனி எழுந்து கடைக்குள் போனாள்.

"அண்ணாச்சி, என் கை தனியாத் தட்டு கழுவுது."

ஜெபராஜ் அண்ணாச்சி வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "சுத்தமாக் கழுவுதா?"

"கழுவுது."

"அப்ப அந்த அண்டாவையும் தூக்கி உள்ள போடு."

கனி தன் கைகளைப் பார்த்தாள். பழைய தோலுக்கு அடியில் இருந்தது பிறந்த பிள்ளையின் பாதம் மாதிரி சிவந்த, வழுவழுவென்ற புதுக்கை. அண்டாவை மறந்தாள், அண்ணாச்சியை மறந்தாள், இரண்டு கையையும் எதன் மேலும் படாமல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ துப்பாக்கியைக் காட்டியது போலத் தெருவில் ஓடி, நேரே என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், அஞ்சு நிமிசம் புள்ளைய விடுங்க, சடையை அவுத்து நானே மறுபடி போட்டுட்டு அனுப்பிருதேன்," என்றாள். நான் கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மத்தியான மணி அடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். மணி அடிப்பதற்குள் அண்ணாச்சி ஆள் அனுப்பி அவளைக் கூட்டிப் போய்விட்டார், மத்தியானக் கூட்டத்துத் தட்டுகளை அந்தப் புதுக்கையே கழுவியது, சாயங்காலத்துக்குள் அது மறுபடி துருவியாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

நாலாம் நாள் இன்னொரு ஜோடி கழன்றது, அதற்கு நாலாம் நாள் இன்னொன்று. கனி கழற்றிய கைகளுக்குப் பாத்திரம் கழுவுவதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை. எங்கள் ஊரும் இதில் அதிசயப்பட நேரத்தை வீணாக்கவில்லை. அடுத்த ஜோடி யாருக்கு என்பதுதான் பேச்சு. கல்யாண மண்டபத்துக்கு ஒன்று போனது, சத்துணவுக் கூடத்துக்கு ஒன்று, புதிதாகப் பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு ஒன்று. கறித்தட்டு கழுவிய கை அம்மன் கோயில் விளக்கைக் கழுவலாமா என்று மூன்று நாள் வாக்குவாதம் நடந்து, மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் போதும் என்று முடிவானது. ஊர் நர்ஸ் வந்து இவற்றுக்குத் தடுப்பூசி போட வேண்டுமா என்று கேட்டு மேலே எழுதிப்போட்டாள். கையில் போடுவதா இடுப்பில் போடுவதா என்று பதில் கேள்வி வந்ததால் அந்த விஷயம் அப்படியே நின்றுபோனது. இரண்டு பெண்கள் தங்கள் ஜோடிக்குக் கண்ணாடி வளையல் போட்டு அழகு பார்த்தார்கள். நானும் வெட்கமில்லாமல் போய் ஒரு ஜோடி கேட்டு வாங்கி வந்தேன்.

இப்படி ஊரே கை கை என்று அலைந்தபோதுதான் அண்ணாச்சி கடை வாசலில் ஒரு கூட்டம் போட்டார். கனியின் கை காய்ந்தால்தான் கழலும், எண்ணெய் பட்டால் கழலாது. இதை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். பொங்கலன்று அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்த வாரத்தில் ஒரு ஜோடியும் விழவில்லை.

"கனி கையில எண்ணெய் படப்பிடாது," என்றார் அண்ணாச்சி. "வெண்ணெய் படப்பிடாது. களிம்பு கிளிம்புன்னு யாரும் வாங்கிக் குடுக்கப்பிடாது. ஊருக்குப் பொதுவான கை அது."

எல்லோரும் தலையாட்டினோம். ஒருத்தர் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கலாம் என்று யோசனை சொன்னார், ஒருத்தர் காத்தாடிக்கு முன்னால் நீட்டச் சொன்னார். பள்ளியில் சாக்பீஸ் தூள் நிறைய இருக்கிறது, கைக்குப் பூசினால் சீக்கிரம் காயும் என்று சொன்ன புத்திசாலி யார் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மறுநாள் ஒரு டப்பா நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கனி அதை வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தக் கூட்டத்திலேயே யாரோ எழுந்து, "அப்ப தவசி?" என்று கேட்டார்கள்.

கூட்டம் திரும்பி தவசியைப் பார்த்தது. மணிக்கட்டு வரை எண்ணெய் பளபளக்க நின்றிருந்த அவன், ஊருக்கே ஆபத்தான ஆள் தான்தான் என்பது புரிந்து, இரண்டு கையையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

பங்குனி வரைக்கும் பெண்டாட்டி கையைத் தொடக் கூடாது என்று தவசிக்கு உத்தரவானது. அவனும் ஊருக்குப் பயந்தவன், கட்டுப்பட்டான். கடையில் அவளுக்கு டீ கிளாஸை இடுக்கியால் பிடித்து நீட்டினான், வீட்டில் சோற்றுத் தட்டைக் கம்பால் தள்ளிவிட்டான், நெற்றியில் பூசிவிடச் சொல்லி அவள் குனிந்தபோது திருநீற்றை அரை முழ தூரத்தில் நின்று ஊதிவிட்டான், அது கண்ணில் விழுந்து அவள் அழுதாள். கண்ணில் விழுந்ததனால் மட்டும் அழவில்லை. "ஏளா கனி, பங்குனி என்ன, இந்தா வந்துரும்," என்று அவன் சொல்வதையும், "ஆமா, வந்துரும். அதுக்குள்ள எம்புள்ள பெரிய மனுசியாகி மாப்பிள்ளையும் வந்துருவான்," என்று அவள் சொல்வதையும் அடுத்த வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். நாலு நாளைக்கு ஒரு முறை, தோல் கழன்ற கையோடு, அவள் மகளைத் தேடி வீட்டுக்கு ஓடப் பார்ப்பாள். நாலு நாளைக்கு ஒரு முறை யாராவது வழியிலேயே மறித்து அந்தச் சிவந்த கையில் என் சாக்பீஸ் தூளைப் பூசிவிடுவார்கள். தர்ஷிகா தினமும் அழகான சடையோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள்.

மாசி பிறந்தது, காற்று வறண்டது, வெட்டவெளியில் இரவும் பகலும் சோப்புத் தண்ணீரில் கிடந்த அந்தத் தோல் கைகளும் வெடிக்க ஆரம்பித்தன. இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். வெடித்த தோல் கைகள் உரிந்தன, ஒவ்வொரு ஜோடிக்குள்ளிருந்தும் வெங்காயச் சருகு போல் இன்னும் மெல்லியதாய் ஒரு ஜோடி கழன்றது, அது இரண்டு மடங்கு சுறுசுறுப்பும் பாதி அறிவும் உள்ளதாக இருந்தது. அதற்குத் தட்டு எது, தட்டு இல்லாதது எது என்று தெரியவில்லை. மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பிடித்து மூன்று தடவை கழுவியது. சுவரில் இருந்த கட்சிச் சின்னங்களை எல்லாம் தேய்த்து எடுத்தது, ஒரு கட்சி இன்னொரு கட்சி மேல் பழி போட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டது. கோயில் யானைவாகனத்துக்குப் பூசிய புதுச் சாயம் போய் அது கழுதைவாகனம் மாதிரி நின்றது. நான் கரும்பலகையில் எழுத எழுத ஒரு ஜோடி பின்னாலேயே வந்து அழித்தது, மூன்று நாள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்ட முடியவில்லை, பிள்ளைகள் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் நடந்தால் முகத்தைக் கழுவிவிடுகிறது, வாயைத் திறந்தால் பல்லைத் தேய்த்துவிடுகிறது; எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட அண்ணாச்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, ஆறு ஜோடிக் கைகள் ஒன்றாய்ப் பாய்ந்து அவர் தலையையும் மீசையையும் நுரை பொங்கத் தேய்த்ததை மட்டும் பொறுக்கவில்லை. நாற்பத்தெட்டு வயசு என்று பதினைந்து வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நுரை வடிந்தபோது தும்பைப் பூவாய் வெளுத்த தலையோடு ஒரு பெரியவர் நின்றார், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தர் மரியாதையாக எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுத்தார்.

அன்றைக்கே மறுபடி கூட்டம். கைகளைக் கட்டிப்போடலாமா, எரிக்கலாமா, பக்கத்து ஊருக்கு விரட்டிவிடலாமா என்று ஆளுக்கொன்றாகக் கத்தினோம். குழாயடியிலிருந்து கனி எழுந்து வந்தாள். பதினொரு வருஷத்தில் அவள் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை.

"எரிப்பீங்களோ? அது என் கை. காஞ்சு போயி எரியுதுன்னு துடிக்கு. எண்ணெய் போட்டா அடங்கிரும். இது தெரியாதா உங்களுக்கு? உங்க வீட்டுக் கதவு கிறீச்சுன்னா எண்ணெய் ஊத்துவீங்க, சைக்கிள் செயினுக்கு ஊத்துவீங்க..."

அவள் முடிப்பதற்குள் அவசரக்காரரான அண்ணாச்சி, கல்லடியில் இருந்த நேற்றைய முட்டை பொரித்த எண்ணெயை அள்ளி, காலடியில் ஊர்ந்த இரண்டு ஜோடிக் கைகளுக்குப் பூசினார். வாசம் பிடித்து எங்கிருந்தோ பாய்ந்து வந்த தர்ஷிகாவின் மூன்று நாய்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஓடின. நாய் வாயில் தொங்கிக்கொண்டே அந்தக் கைகள் நாயின் பல்லைத் தேய்த்தபடி போனதை ஊரே பார்த்தது. வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம்.

"கண்ட எண்ணெய் ஆகாது," என்றாள் கனி. "நல்ல தேங்காய் எண்ணெய், லேசாச் சூடு பண்ணி, விரல் விரலாத் தேய்க்கணும். ஆனா அதுக்கு முன்ன, மொதல்ல என் கைக்கு. எங்க வீட்டுக்காரரு தேய்ப்பாரு. இங்கயே. இப்பயே."

எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் கையைப் பிடிக்கிற வழக்கம் கிடையாது. தாலி கட்டும் அன்றைக்குப் பிடித்தால் அதோடு சரி. தவசி எழுந்து வந்தபோது பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், மீதிப் பேர் திருப்பியது போல நடித்தார்கள். அவன் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு மாதமாய் இடுக்கியால் மட்டும் எட்டிய அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தான். முதலில் உள்ளங்கையை வட்டமாய்த் தேய்த்தான், பிறகு ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை உருவிவிட்டான், வெடிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு அது உள்ளே போகும் வரை காத்திருந்தான், மாவு பதத்துக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவனுக்கு அவசரமே இல்லை. "எரியுதாளா?" என்றான். "எரியுது. விட்டுராதீங்க," என்றாள். அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது வேர்வை என்று அவன் பிறகு எல்லோரிடமும் சொன்னான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அது வேர்வை இல்லை.

அப்புறம் நாங்கள் தேய்த்தோம். வீட்டுக்கு வீடு கிண்ணமும் எண்ணெயுமாய் வந்து தெருவில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு தோல் கையைப் பிடித்து மடியில் போட்டோம். பிறந்ததிலிருந்து அடுத்தவர் கைக்கு எண்ணெய் தேய்த்திராத ஆண்கள், பிள்ளைக்கு மருந்து புகட்டுவது போலப் பயந்து பயந்து தேய்த்தார்கள். என்னிடம் ஐந்து வாரம் இருந்த ஜோடி என் கைக்கே வந்தது. அதன் கட்டை விரலில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது, அவ்வளவு நாளும் நான் அதைக் கவனித்ததில்லை. என்னை மன்னித்துக்கொள் என்று சொன்னேன், தோலிடம் பேசுகிறாளே என்று யாரும் சிரிக்கவில்லை, பக்கத்தில் வெள்ளை மீசை அண்ணாச்சியும் அதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் இறங்க இறங்கக் கைகள் ஒவ்வொன்றாய்த் துடிப்பு அடங்கி, விரல்களை மடக்கி, மடியிலேயே தூங்கிப்போயின. சாயங்காலக் காற்றில் அவை சருகாய்க் கிளம்பிக் கண்மாய்ப் பக்கம் போனபோது ஒருவரும் எட்டிப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணாச்சி கடையில் சாப்பிடுகிறவர்கள் தங்கள் தட்டைத் தாங்களே கழுவிவிட்டு எழுகிறார்கள், குழாய்க்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் பாட்டில் தொங்குகிறது.

பத்து நாள் தவசி காலையும் மாலையும் தேய்த்தான். பதினோராம் நாள் கனி சீப்பை எடுத்தாள்.

தர்ஷிகா அன்றைக்குப் பள்ளிக்கு இருபத்தைந்து நிமிஷம் தாமதமாக வந்தாள். வாசலில் நின்ற அவளைப் பார்த்ததும் வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. இடது சடை காதுக்கு மேலே ஏறி நின்றது, வலது சடை கழுத்துக்குக் கீழே இறங்கித் தொங்கியது, வகிடு நடுவில் புறப்பட்டு எங்கோ போய் வழி தெரியாமல் நின்றிருந்தது, ரிப்பனில் முடிச்சுக்கு மேல் முடிச்சாக ஏழெட்டு. சடை போடத் தெரிந்துகொள்ள அவள் அம்மாவுக்கு ஒன்பது வருஷமாய் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையே, எப்படித் தெரியும்? கோணல் சடையோடு வருகிறவர்களை அவிழ்த்துப் பின்னச் சொல்லி வெளியே நிறுத்துவது என் வழக்கம், அது அவளுக்கும் தெரியும்.

"டீச்சர்," என்றாள், மோவாயைத் தூக்கி வைத்துக்கொண்டு. "கோணையாத்தான் இருக்கு. அப்பாவும் சரி பண்ணுதேன்னு வந்தாரு, நான் விடலை. நீங்களும் தொடப்பிடாது."

"கத்தினியா?" என்று கேட்டேன்.

"வலிக்கவே இல்லையே," என்றாள்.

உள்ளே போய் உட்கார் என்றேன். அன்று முழுக்க அவள் சுவரில் சாயவில்லை. விளையாட்டுப் பீரியடில் மற்ற பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட ஓடப் போகவில்லை, சடை அவிழ்ந்துவிடும் என்று மரத்தடியில் தலையை அசைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.